சிவப்பு டேப் ஒட்டிய பாட்டில்

தண்ணீர் வேண்டாம் சார். தாகம் எடுத்தால் நானே கேட்கிறேன். தாகமில்லாதபோது குடிப்பது நல்ல பழக்கமில்லை.

நெடுந்தூர ஓட்டக்காரர்களை நீங்கள் அருகில் பார்த்திருக்க மாட்டீர்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை ஓடுவார்கள். யாரும் துரத்துவதில்லை. முதுகில் ஒரு தண்ணீர்ப்பை, அதிலிருந்து தோள் வழியாக வாய்க்கு ஒரு குழாய். பிள்ளை பெற்றவர்கள், வங்கியில் மேலாளராக இருப்பவர்கள், அதைச் சப்பிக்கொண்டே ஓடுவார்கள். வழியில் தண்ணீர் கொடுக்கும் உதவி மேசை வந்ததும் நின்று, மூத்திரம் போனதா, என்ன நிறம் என்று ஒருவரையொருவர் அக்கறையாக விசாரிப்பார்கள். பெற்ற தாயிடம் சாப்பிட்டாயா என்று கேட்காதவர்கள்.

என் மனைவி அவர்களில் ஒருத்தி. நன்றாக ஓடுவாள் என்றார்கள். எனக்கு அதில் அபிப்பிராயம் இல்லை.

பயிற்சி கொடுத்தது அவள் அண்ணன். கழுத்தில் விசில் தொங்கினால் அறிவு தானாக இறங்கிவிடும் என்று நம்புகிறவன். சாப்பிட உட்காரும்போதும் அதைக் கழற்ற மாட்டான். ரசம் சொட்டிய விசிலைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொள்வான்.

இந்தப் பந்தயத்தைக் குறித்த நேரத்துக்குள் முடித்தால் தேசிய முகாமில் இடம். இரண்டு வருடம் வேறு ஊர். துணி மடித்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள். என் சட்டைகளை ஒரு பக்கம், அவள் உடுப்பை ஒரு பக்கம் வைத்தாள். அதுவரை ஒன்றாகத்தான் அடுக்குவாள்.

"நீயும் வாயேன்டா."

"வேலைய விட்டுட்டு உன் பின்னாடி பாட்டில் தூக்கணுமா?"

"ஒரே ஒரு தடவை, இந்தப் பந்தயத்துல தூக்கித்தான் பாரேன்."

சரி என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கச் சற்றுச் சங்கடமாக இருந்தது. மச்சான் மட்டும், "மாப்ள வர்றாரா? அப்ப குடை எடுத்துக்கணும், மழை வரும்" என்றான்.

அவன் முடிவுக்கோட்டில் நிற்க வேண்டியிருந்ததால், காரில் மேசைக்கு மேசை போய் அவளுக்குப் பாட்டில் கொடுப்பதை எனக்கு விட்டான். முந்தின நாள் பாடம் எடுத்தான்.

"நல்லாக் கேட்டுக்குங்க மாப்ள. சிவப்பு டேப் ஒட்டுனது குடிக்க, உப்புக் கலந்தது. வெள்ளை டேப் தலையில ஊத்த, வெறும் தண்ணி. மாத்திடாதீங்க. அவ விரல் வீங்குச்சுன்னா உடம்புல தண்ணி மிஞ்சிடுச்சுன்னு அர்த்தம், உயிருக்கே ஆபத்து, தண்ணிய உடனே நிறுத்திடுங்க."

"நான் கெமிஸ்ட்ரி படிச்சவன்."

"அதான் ரெண்டு தடவ சொல்றேன்."

மருந்துக் கம்பெனியில் எனக்கு என்ன வேலை என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. லேபிளில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் என் வேலை.

சிவப்பு டேப் பாட்டில்களில் வெறும் தண்ணீர் ஊற்றினேன். எலுமிச்சை வாசனையும் கொஞ்சம் இனிப்பும் போதும், ஓடுகிற நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. உடம்பில் உப்பு குறைந்தால் குமட்டும், தலை வலிக்கும், உட்கார்ந்துவிடுவாள். நான் காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போவேன். முகாம் போய்விடும், அவ்வளவுதான். நிதானமாக யோசித்துச் செய்ததுதான் சார். ஆத்திரமெல்லாம் இல்லை.

முதல் மேசையில் என்னைப் பார்த்ததும் கையை உயர்த்திக்கொண்டு வந்தாள். "என் புருஷன்" என்று பக்கத்தில் ஓடியவளிடம் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியதில் அதைக் கேட்க நேரமில்லை. நான் கொடுத்ததை என் மனைவி முழுக்கக் குடித்தாள். முதுகுப் பையையும் நிரப்பி அனுப்பினேன்.

அடுத்த மேசையில் வேண்டாம் என்றாள்.

"தாகமே இல்லடா. குடம் மாதிரி ஆயிட்டேன். ஓடுனா உள்ள தளும்புது."

"நிறைகுடம் தளும்பாது. இன்னும் குடி."

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே குடித்தாள். நான் கொடுத்தேன் என்பதற்காகத்தான் குடித்தாள், அது எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த மேசையில் மோதிரம் இறுக்குகிறது என்று கையை நீட்டினாள். விரல் தடித்திருந்தது. பாட்டில் தண்ணீரையே ஊற்றி நனைத்து, திருகித் திருகி, வலிக்காமல் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அதே பாட்டிலை அவளிடம் கொடுத்தேன். மச்சான் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அவள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாளே. உட்காரவில்லையே.

கடைசி மேசைக்கு அவள் நடந்து வந்தாள். முடிவுக்கோடு அங்கிருந்தே தெரிந்தது. தேர்ப்பந்தல் மாதிரி ஒரு வளைவு, அதற்கடியில் சும்மா கைதட்டும் கூட்டம். இப்போது உட்கார்ந்துவிடுவாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"உப்பு குடுண்ணா" என்றாள்.

தலைகுப்புற விழுந்தாள். கை கால் இழுத்தது.

மச்சான் விசில் மார்பில் அடிக்க ஓடி வந்தான். முதலுதவிப் பெண்ணும் வந்தாள். கெட்டிக்காரி, நாடியைப் பிடித்தபடியே நேராக என்னிடம் கேட்டாள்.

"நீங்கதானே தண்ணி குடுத்தீங்க? நிறையக் குடிச்சாங்களா? உப்பு சேர்ந்துச்சா?"

பதிலைப் பொறுத்துதான் மருந்து என்று எனக்குத் தெரியும். நிறையக் குடித்தவளுக்கு ஒன்று, குடிக்காதவளுக்கு வேறொன்று. மச்சான் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான், நான் ஏதாவது தப்பாகச் சொல்வேன் என்று காத்திருக்கிறவன் போல.

"ரொம்பக் கம்மியாத்தான் குடிச்சா. உப்பெல்லாம் சரியாக் குடுத்தேன்" என்றேன்.

வற்றிப்போன உடம்பு என்று நினைத்து மேலும் திரவம் ஏற்றினார்கள். ஆம்புலன்ஸ் மைதான வாசலைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மச்சான் அழவில்லை. மேசைக்குத் திரும்பி வந்து சிவப்பு டேப் பாட்டிலின் மூடியைத் திறந்து நக்கிப் பார்த்தான். ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும். அவன் வாழ்நாளில் செய்த ஒரே ஆராய்ச்சி அதுதான். அதை வைத்துத்தான் நீங்கள் என்னை இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள்.

என்ன நினைத்து அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். கடைசியில் அவள் கண்ணுக்கு அவன் தெரிந்தான், நான் தெரியவில்லை. அவன் முன்னால் நான் தப்பு செய்தவனாக நிற்க முடியாது. அவ்வளவு சின்ன விஷயம்தான்.

எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றபடி என் மனைவிக்கு நான் கொடுத்தது தண்ணீர்.