வெளுக்காத கோடு

தங்கை: ...அதெல்லாம் எனக்குத் தெரியாது. பிரிச்சு விட்டது நீதானே? நீயே பழையபடி பிடிச்சுக் கொடுத்துடு.

அண்ணன்: விடச் சொன்னது யாரு? "அண்ணா, அவரோட பேண்ட் மூணையும் இடுப்புல கொஞ்சம் பிரிச்சு விடு, அவருக்குத் தெரிய வேண்டாம்"னு இதே தையல் மெஷின் பக்கத்துல நின்னு கெஞ்சினது யாரு?

தங்கை: வேற என்ன செய்யச் சொல்றே? எண்ணெயைக் குறைச்சு, காய் கீரைன்னு ஒரு மாசம் பார்த்துப் பார்த்துச் சமைச்சேன். மனுஷன் துளி இளைக்கல. "போதும்டி, நாளையிலேர்ந்து பழையபடி வறு"ன்னார். பேண்ட் தளர்ந்தா ஒரு நம்பிக்கை வரும்னு...

அண்ணன்: வந்துச்சா?

தங்கை: வந்துச்சே! கண்ணாடி முன்னால நின்னு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டார். அதுக்கப்புறம் சாப்பாட்டைக் குறை சொல்லி மூச்சு விடல. தோலோட வேகவச்ச பூசணியைக்கூட ரசிச்சுச் சாப்பிடறார்.

அண்ணன்: அப்புறம் என்ன குறை?

தங்கை: நாளைக்கு டாக்டர்! பள்ளிக்கூட பஸ் ஓட்டறவங்களை எல்லாம் எடை பார்க்கறாங்க. "இதே உடம்போட அடுத்த தடவை வந்தா கையெழுத்துப் போட மாட்டேன்"னு போன தடவையே சொல்லிட்டார். கையெழுத்து இல்லேன்னா இவருக்கு பஸ் இல்ல.

அண்ணன்: முன்னாடியே எங்கயாவது எடை பார்த்திருக்கலாமே?

தங்கை: "நான் என்ன சிமெண்டு மூட்டையா"ன்னு கேப்பார். அவர் வீறாப்பு உனக்குத் தெரியாதா? பேண்ட் தொளதொளன்னு தொங்குது... அது அவர் உடம்பா உன் தையலான்னு எனக்கே தெரியல. நான் வேற தெரு முழுக்க, "என் சமையல்ல அவர் பாதி ஆயிட்டார்"னு பீத்தி வச்சிருக்கேன். நாளைக்கு அத்தனை பேர் முன்னால அவர் தலை குனியணும், அண்ணா. உன் தையலை நம்பி.

அண்ணன்: என் தையலை நம்பியா? நல்லா இருக்கே உன் ஞாயம்... இரு, யாரோ படியேறி வராங்க. அந்த இருமல்...

தங்கை: ஐயோ, அவரேதான்! நான் அளவு பார்க்கற அறைத் திரைக்குப் பின்னால போயிடறேன். நீயே பக்குவமாச் சொல்லிடு.

அண்ணன்: நானா? ஏய்... நீ எனக்குக் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பா... போயிட்டா.

மாப்பிள்ளை: யாரோட பேச்சு, மச்சான்?

அண்ணன்: வாங்க மாப்பிள்ளை! யாரும் இல்ல... இந்த மெஷினோடதான். எண்ணெய் போட்டாத்தான் ஓடுவேன்னு அடம் பிடிக்குது.

மாப்பிள்ளை: கேட்டா அதுக்காவது கிடைக்குதே. என் வீட்டுல நடக்காது... டப்பாவுல என்ன?

அண்ணன்: இதுவா... ஓட்டல் சாப்பாடு.

மாப்பிள்ளை: ஒரு வாய் எடுத்துக்கறேன்... ம்ம். பூசணி. மேல மிளகு. இறக்கினப்புறம் எலுமிச்சை பிழிஞ்சிருக்கு. நல்ல ஓட்டல்தான்.

அண்ணன்: ஆமா... புதுசாத் திறந்திருக்காங்க.

மாப்பிள்ளை: சரி, இந்தப் பேண்டைக் கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க. நாளைக்கு டாக்டர் முன்னால ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாது.

அண்ணன்: மாப்பிள்ளை... நாளைக்கே போகணுமா? தள்ளிப் போட முடியாதா?

மாப்பிள்ளை: எதுக்கு?

அண்ணன்: இல்ல... துணியை நம்பக் கூடாது பாருங்க. துவைக்கத் துவைக்க...

மாப்பிள்ளை: சுருங்கும்.

அண்ணன்: சிலது விரியும்.

மாப்பிள்ளை: இத்தனை வருஷத்துல ஒரு தையற்காரர் வாயிலேர்ந்து இப்பத்தான் கேக்கறேன்.

அண்ணன்: மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லிடறேன். கோவிச்சுக்கக் கூடாது. அந்தப் பேண்ட் இருக்கே...

மாப்பிள்ளை: முதல்ல டேப்பை எடுங்க. அளந்துட்டுச் சொல்லுங்க.

அண்ணன்: கையைத் தூக்குங்க. மூச்சை உள்ள இழுக்காதீங்க.

மாப்பிள்ளை: யார் இழுத்தா?

அண்ணன்: இருங்க, டேப்பு எங்கயோ மாட்டிக்கிச்சு... திரும்புங்க... இன்னொரு தடவை... மாப்பிள்ளை! நான் பிரிச்சு விடறதுக்கு முந்தி இருந்த அளவைவிட நாலு விரல் குறைஞ்சிருக்கே!

மாப்பிள்ளை: ஆக, பிரிச்சு விட்டீங்க.

அண்ணன்: ஐயையோ...

மாப்பிள்ளை: தெரியும் மச்சான். எங்க வீட்டுல துணி காயப்போடறது நான்தானே? பின்தையல்ல வெளுக்காத கோடு ஒண்ணு பளிச்சுன்னு முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. மூணு பேண்ட்லயும். ஆள் இளைச்சா, உள்ள மடிச்ச துணி எப்படி வெளிய வரும்?

அண்ணன்: அப்ப கண்ணாடி முன்னால நின்னு சந்தோஷப்பட்டது?

மாப்பிள்ளை: அது அந்தக் கோட்டைப் பார்க்கறதுக்கு முந்தின நாள்... அதை யார் சொன்னா உங்களுக்கு?

அண்ணன்: அது... யாரோ. தெரிஞ்சும் ஏன் அவளைக் கேக்கல?

மாப்பிள்ளை: கேக்கத்தான் போனேன். ஈரப் பேண்டும் கையுமா அடுக்களைக்குப் போனா, ஜன்னல் வழியா அடுத்த வீட்டம்மாகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கா... "என் சமையல்ல அவர் எப்படி இளைச்சுட்டார் பாருங்க"ன்னு. அப்படி ஒரு பெருமை அவ குரல்ல. அப்படியே திரும்பி வந்துட்டேன்.

அண்ணன்: வந்து?

மாப்பிள்ளை: என் வீட்டுக்காரி சொன்ன சொல் தெருவுல பொய்யாப் போகலாமா? நம்ம குடும்பத்துக்கு அது அழகா? நிஜமாக்கிட்டேன்.

அண்ணன்: எப்படி?

மாப்பிள்ளை: அவ சமையல் மேல ஒரு குத்தமும் இல்ல மச்சான். குத்தமெல்லாம் பஸ் ஷெட் கேன்டீன்ல. சாயங்காலமானா ஒரு தட்டு எண்ணெய்ப் பலகாரம், பாயசம் மாதிரி ஒரு டீ... வீட்டுக்கு வந்து நல்ல பிள்ளையாட்டம் கீரை. எப்படி இளைக்கும்? அதை விட்டேன். பஸ்ஸை நிறுத்திட்டு வீட்டுக்கு நடந்தே வந்தேன். பசியோட உக்காந்தப்புறம்தான் தெரிஞ்சுது, பூசணிக்கு இப்படி ஒரு ருசி இருக்குன்னு.

அண்ணன்: இதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மாப்பிள்ளை: மறைஞ்சு மறைஞ்சு தின்னேன்னு அவ முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

அண்ணன்: பின்ன எப்பத்தான் சொல்றதா உத்தேசம்?

மாப்பிள்ளை: அதான் சொல்லிட்டேனே... பூசணியைத் தோல் சீவாம வேகவைக்கிற ஓட்டல் எங்க இருக்கு, மச்சான்? திரைக்குப் பின்னால காத்து வராது, அவளை வெளிய வரச் சொல்லுங்க.