சிக்னல் இல்லாத நாட்கள்

நிலாவெளி பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கி, சோதனைச்சாவடி வரிசையில் நடக்க விட்டிருந்தார்கள். நகரில் குண்டு வெடித்த நாளிலிருந்து போன்களுக்கு சிக்னல் இல்லை. வரிசை முழுக்க அதற்குத்தான் திட்டு. எனக்கு முன்னால் ரியூசன் வகுப்பு முடிந்து வந்த இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்தி சொன்னாள்:

“சிக்னல் வராமலே இருந்தா நல்லம். இப்பதான் நான் ஒழுங்கா நித்திரை கொள்ளுறன்.”

“ஏனடி?”

“ஆரெண்டு தெரியாத நம்பர். ஒவ்வொரு ராவும் மெசேஜ். கறுப்பி, செத்துப் போ எண்டு.”

“எனக்கேன் சொல்லேல்ல?”

“நீயும் சிரிப்பியோ எண்டு பயந்தனான்.”

சோதனை முடிந்து மறுபடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம்; அந்த இரண்டு பேரும் எனக்கு முன் இருக்கையில். திடீரென்று எல்லாருடைய போன்களும் கிணுகிணுத்தன. ஒரு கிழவர் “வந்திட்டுது!” என்று கைதட்டினார். அவளுடைய போனை சிநேகிதி பறித்துப் பார்த்தாள்.

“கொழும்பிலயிருந்து உன்ர அக்கா. சுகமா எண்டு கேக்கிறா.”

“வேற?”

“வேற ஒண்டு இருந்தது. அழிச்சிட்டன். நம்பரை மட்டும் வச்சிருக்கிறன், நாளைக்கு ரெண்டு பேருமா ரீச்சரிட்டப் போவம். சரி, அக்காவுக்கு என்னெண்டு போட?”

அவள் ஜன்னலில் சாய்ந்துகொண்டாள்.

“நல்லா நித்திரை கொள்ளுறன் எண்டு போடு.”