நன்னடத்தைச் சான்றிதழ்

தேனியிலிருந்து கோம்பை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஒருவர் ஜெயிலிலிருந்து விடுதலையாகி வந்தவர், மற்றவர் அவருடைய மாமா. முதல் வரி காதில் விழுந்ததும் காற்று இரையாமலிருக்க ஜன்னலை இறக்கிவிட்டேன்.

"நல்லவன்னு சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டு வந்தேன் மாமா, அதனாலதான் வீடு கெடைக்கல."

"என்ன மாப்ள சொல்ற?"

"ஜெயில்ல நன்னடத்தைன்னு எழுதிக் குடுத்தாக. வாடகைக்குக் கேட்ட எடத்துல எல்லாம் அத நீட்டுனேன். அதப் பாத்துத்தான் நான் உள்ள இருந்து வந்தவன்னே தெரிஞ்சுக்கிட்டாக."

"இப்ப எங்கன தங்கியிருக்க?"

"தென்னந்தோப்பு மொதலாளி ஒருத்தர் மோட்டார் ரூமுக்குப் பக்கத்து வீட்டச் சும்மாவே குடுத்துட்டாக. காவலுக்கு நின்ன நாய் செத்துப்போச்சாம். கொலைக்கேசுல போனவன் அங்கன இருந்தா எவனும் தேங்காயத் தொடமாட்டாங்கிறாக."

"சர்ட்டிபிகேட்ட அவுககிட்டயும் காட்டுனியா?"

"காட்டுனேன். படிச்சுட்டு அவுக பீரோவுல வச்சுப் பூட்டிட்டாக. திருந்திட்டேன்னு ஊருல எவன்கிட்டயாவது சொன்னா, அன்னைக்கே வீட்டக் காலி பண்ணிரணுமாம்."