தாய் மயங்கி விழுந்த படம்

ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கில்லை. டூட்டிங்கில் பஸ் ஏறி இருந்தேன். முன் சீட்டில் ஒரு தாயும், முப்பது வயது மதிக்கக்கூடிய மகளும். பேச்சில்லாத பழைய காலத்துப் படமொன்று பார்த்துவிட்டு வருகிறார்கள். இடையிடையே வந்த இங்கிலிஷ் எழுத்தை மகள்தான் தமிழில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தாயின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"அந்த மனுசி மயங்கி விழுறா. நீ என்னடாவெண்டால், தாய் சம்மதிச்சிட்டா எண்டு வாசிக்கிறாய்."

"அப்பிடித்தானம்மா போட்டிருந்தது."

"எனக்கு இங்கிலிஷ்தான் தெரியாது, கண் தெரியும். வெள்ளைக்காரப் பெட்டை சீனப் பெடியன்ரை கையைப் பிடிச்ச உடனை, தேப்பன் கதிரையைத் தூக்கினவன், அடிக்க. நீ சொன்னனீ, 'இருங்கோ தம்பி எண்டு கதிரை குடுக்கிறார்' எண்டு!"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொய்தானம்மா. உங்களைச் சம்மதிக்க வைக்கத்தான் கூட்டிக்கொண்டு போனனான்."

"ஆர் பெடியன்?"

"என்னோடை வேலை செய்யிறவர். கானா நாடு. கலியாணம் கேக்கிறார்."

இரண்டு ஸ்டொப் தாண்டித் தாய் மகள் பக்கம் திரும்பினார்.

"ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லு."

"அம்மா!"

"துள்ளாதை. அப்பாட்டை நான் கதைக்கிறன். ஆனால் அந்தப் பெடியன் என்ன சொன்னாலும் நீ தமிழிலை சொல்லித் தரவேண்டாம். பேசாமல் குசினிக்குள்ளை நில்."