சொந்தக் கட்சியைத் தோற்கடித்தவர்

சேந்தமங்கலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் உரக்கச் சொன்னார்: "இன்னைக்கு டவுன் பஞ்சாயத்து போர்டுல எங்க கட்சியையே தோக்கடிச்சுட்டேனுங்க!"

"ஏனுங்க, நீங்க அந்தக் கட்சி மெம்பர்தானுங்களே?"

"ஆமாங்க. பதினஞ்சு மெம்பருல பதிமூணு பேரு நாங்க. எங்க தெருவுக்குன்னு வந்த கெணத்தைத் தலைவரு தன் தோட்டத்துல வெட்டத் தீர்மானம் கொண்டாந்தாரு. எதிர்க்கட்சிக்காரங்க ரெண்டு பேரு கத்துனாங்க. எங்காளுக வாயே தொறக்கலை. எனக்குப் பொறுக்கலைங்க. எந்திரிச்சு, 'இது ஊர்க் கெணறா, உங்க கெணறா?'ன்னு கேட்டுப்போட்டேன்."

"சும்மா உட்டாருங்களா?"

"'கட்சிக் கட்டுப்பாடு தெரியாதா?'ன்னு குதிச்சாரு. 'கட்சி சொன்னதுக்கெல்லாம் தலையாட்டணும்னா, இத்தனை மெம்பரு எதுக்குங்க? நீங்க ஒருத்தரே போதுமே'ன்னேன். அப்பப் பாருங்க, எங்காளுகள்லயே ஆறு பேரு எம்பக்கம் கை தூக்கிட்டாங்க! தீர்மானம் தோத்துப்போச்சு!"

"கட்சி என்ன பண்ணுச்சு?"

"வெளிய வாரதுக்குள்ள என்னை நீக்கிப்போட்டாங்க." சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடுத்த எலெக்‌ஷனுக்கு எந்தக் கட்சியில நிப்பீங்க?"

"தெருவுல போய்க் கேக்கறேனுங்க. நில்லுன்னா, தனியாவே நிக்கறேன்!"