நிமிர்ந்து நிற்கிறார்

எனக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை. அதனால் முதுகுவலி என்று நான் ஒருநாளும் லீவு போட்டதில்லை. நாற்காலி கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்.

கிடங்கு வாசலை ஒட்டி என் கவுன்ட்டர். மூட்டை தூக்குகிறவர்கள் உள்ளே போகுமுன் என்னிடம் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். பெல்ட்டின் முதுகுப் பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். தப்பாகக் குனிந்தால் இடுப்பில் அதிரும். திரையில் அந்த ஆளின் பெயருக்கு நேரே சிவப்பு விழும். சிவப்பு நிறைய விழுந்தால் கம்ப்யூட்டரே அவரைத் தூக்குகிற வேலையிலிருந்து எடுத்து லேபிள் ஒட்ட அனுப்பிவிடும். முதுகு போகாமல் காப்பாற்றுகிற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் அந்த அறிவாளி இயந்திரத்துக்கு மனிதர்தான் சொல்லித்தர வேண்டும்: இந்த ஆளின் நிமிர்ந்த முதுகு எது என்று. தினமும் வேலை தொடங்குமுன் ஒவ்வொருவராக என் எதிரே விறைப்பாக நிற்பார்கள். நான் பட்டனை அமுக்குவேன். 'நிமிர்ந்து நிற்கிறார்' என்று திரையில் வரும். அன்றைக்கு முழுக்க அதுதான் அளவு. கூன் போட்டு நிற்கும்போது அமுக்கினால், கூனையே நிமிர்வு என்று நம்பிவிடும். அப்புறம் எப்படிக் குனிந்து தூக்கினாலும் மூச்சு விடாது.

என் தம்பியின் பெல்ட் அப்படித்தான் நம்பியிருந்தது. அவன் முதுகு ஏற்கெனவே கெட்டிருந்தது. லேபிள் ஒட்டப் போகிற ஆண்களைப் 'புதுப்பொண்ணு' என்று மற்றவர்கள் ஓட்டுவார்கள். அவன் போகவில்லை. ஒருநாள் லாரியில் ஏற்றும் மேடை விளிம்பில் மூட்டையோடு குனிந்தவன் நிமிரவே இல்லை. அப்படியே தலைகுப்புறப் போனான். மூட்டை அவன்மேல் விழுந்தது. திரையில் அவன் பெயருக்கு நேரே கடைசிவரை பச்சையாகவே இருந்தது.

பாதுகாப்பு அதிகாரியை நாங்கள் பச்சைக்கிளி என்போம். பச்சை, பச்சை என்பதைத் தவிர வேறு பேச்சு வராது. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "தூக்கினதுல ஒரு தப்பும் இல்லம்மா. மெஷின் பச்சைன்னு சொல்லுதே. உங்க தம்பி கால் தவறிட்டாரு. கவனக்குறைவு. மெஷினுக்கு யார்மேலயும் பாசமும் கிடையாது, பகையும் கிடையாது." டீ குடித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் ஒரு டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

கவனக்குறைவு. வாசலில் கழற்றிய செருப்பைக்கூட ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வருகிறவன் என் தம்பி. அந்த ஒரு சொல்லை நான் பல்லுக்கடியில் கல் மாதிரி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், வந்தேன். நான் யாரிடமும் கத்தவில்லை. அதை நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

ஒரு ஆள் விழுந்தால் கவனக்குறைவு. வரிசையாக விழுந்தால்? அப்போது ஆளைச் சொல்ல முடியாது, பெல்ட்டைத்தான் சொல்லியாக வேண்டும். யோசித்துப் பாருங்கள், நியாயம்தானே.

அவர்கள் நிற்கிற இடத்தில் தரையில் மஞ்சள் டேப்பால் ஒரு கோடு ஒட்டினேன். கால் விரல் சரியாகக் கோட்டில் படவேண்டும் என்று புது விதி சொன்னேன். கீழே பார்க்காமல் யாராலும் அப்படி நிற்க முடியாது. தலை தாழும், தோள் தாழும், முதுகு வளையும். அந்த நேரம் பார்த்து அமுக்குவேன்.

"என்னக்கா, கோடெல்லாம் போட்டிருக்க? ஓட்டப்பந்தயமா?" என்றான் ஒட்டகம். ஆள் நல்ல உயரம், அதனால் அந்தப் பெயர். தம்பியின் சினேகிதன். தம்பியைக் கடைசியாகத் தூக்கிச் சென்ற தோள்களில் ஒன்று அவனுடையது.

"வாயை மூடிக்கிட்டுக் கீழ பாருடா."

"பார்த்துட்டேன். காசு கீசு கிடக்கும்னு பார்த்தா ஒண்ணையும் காணோம்."

அவன் உயரத்துக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே வளைய வேண்டியிருந்தது. சிரித்தான். அமுக்கினேன்.

அவனுக்கு இப்போது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பெட்டி அடுக்குகிற பெண் ஒருத்தி, தன் குழந்தையை மடியில் எடுத்து வைக்க ஆள் தேடுகிறாள். இன்னும் சிலர். எல்லாரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். ஒட்டகம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "பெல்ட் அதிரவே இல்லக்கா. அவனுக்கும் இப்படித்தான் ஆயிருக்கும், இல்ல?" என்றான். யாராவது சொல்லமாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

பெல்ட்டில்தான் கோளாறு என்று நிர்வாகம் ஒத்துக்கொண்டது. பச்சைக்கிளியை வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பியின் சாவுக்கும் பெல்ட்தான் காரணம் என்று எழுதி, 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கேமராவில் கோட்டைப் பார்த்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். நான் மறுக்கவில்லை. அத்தனை பேர் முதுகையும் தெரிந்தே உடைத்தவள் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் தம்பியின் பெல்ட்டை அப்படி நம்ப வைத்தது யார் என்று ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? அது வேறு விஷயம். அவன் என் எதிரே நேராகத்தான் நின்றான். "வலி தாங்கலக்கா, லேபிளுக்கே போயிடறேன்" என்றான். என் தம்பியை நாலு பேர் கேலி பேச நான் விடுவேனா? "கொஞ்சம் குனிஞ்சு நில்லுடா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அது பாசத்தில் செய்தது. அதை இதோடு சேர்க்காதீர்கள்.