திரும்பிப் பார்க்காதவங்க

கிளாரிஸ்: கோப்பி அப்பறம் கலக்கலாம் ரோகினி. மொதல்ல பதில் சொல்லுங்க. மூணு வைத்தியத்துல எது கேட்டுச்சு?

ரோகினி: இதக் கேக்கவா மிஸ், இந்த மழையில சிரம்பான்ல இருந்து எங்க எஸ்டேட் வரைக்கும் கார் ஓட்டிக்கிட்டு வந்தீங்க? போன்ல கேட்டிருக்கலாம்லா!

கிளாரிஸ்: எங்க கவுன்சலிங் சென்டர்ல ஒரே சண்டை. மூச்சுப் பயிற்சிதான் குணமாக்குதுன்னு ஒருத்தர். பழசையெல்லாம் பேச வைக்கணும்னு இன்னொருத்தர். அதான், உங்ககிட்ட நேர்லயே...

ரோகினி: முனியாண்டி பூசாரி எலுமிச்சம்பழம் வெட்டி கயிறு கட்டினாரு. பாஸ்டர் நெல்சன் தலையில கை வச்சு ஜெபம் பண்ணாரு. நீங்க மூச்ச எண்ணச் சொன்னீங்க. மூணு பேருக்கும் சாமி வேற வேற!

கிளாரிஸ்: எனக்கு ஏது சாமி? டிகிரிதான்.

ரோகினி: அதத்தான் சாமி படம் மாதிரி உங்க சென்டர் சுவத்துல மாட்டி வச்சிருந்தீங்களே! பூ மட்டும்தான் போடல.

கிளாரிஸ்: கிண்டல் போதும். எது?

ரோகினி: மூணும்தான் மிஸ்... எங்கண்ணன் திருச்செல்வம் மில்லுக் கழிவுக் குளத்துல விழுந்து செத்தப்பறம், தெனம் அந்தச் சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னாரில்ல? சட்டையெல்லாம் ஈரமா...

கிளாரிஸ்: ம்...

ரோகினி: "அதோ நிக்கிறாரு"ன்னு சொன்னா எங்க வீட்டுக்காரரு சட்டுனு திரும்பிப் பார்ப்பாரு. மாமியாரும் பார்ப்பாங்க. "யாரும் இல்லையே"ம்பாங்க. அதுக்கப்பறம் என்னைப் பார்க்கிற பார்வையே வேற.

கிளாரிஸ்: பயந்திருப்பாங்க...

ரோகினி: என்னைப் பார்த்துதான் பயந்தாங்க. ஆனா பூசாரி திரும்பல. பாஸ்டர் திரும்பல. நீங்க என் வீடு தேடி வந்து உக்காந்தீங்களே, நீங்களும் திரும்பல. என் மொகத்தையே பார்த்தீங்க. "அண்ணனுக்குக் குளிருதாம்மா?"ன்னாரு பூசாரி. பாஸ்டர் அண்ணன் பேரக் கேட்டாரு. நீங்க...

கிளாரிஸ்: எவ்வளவு நேரம் நிப்பாருன்னு கேட்டேன்.

ரோகினி: மூணு பேரும் கேட்டீங்க. அதான் கேட்டுச்சு. கயிறு, ஜெபம், மூச்சு எல்லாம் உக்காந்து பேசறதுக்கு விரிச்ச பாய் மாதிரி.

கிளாரிஸ்: அப்ப பூசாரி வந்தப்பவே அண்ணன் ஏன் போகல?

ரோகினி: போனாரே! வீடே வெறிச்சோடிக் கெடந்துச்சு. அப்பறம் பூசாரி திடீர்னு கோயில விட்டுட்டு ரெம்பாவுல மக வீட்டோட போயிட்டாரு. அவரு போனதும் அண்ணன் திரும்பி வந்துட்டாரு.

கிளாரிஸ்: பாஸ்டர்?

ரோகினி: அப்பவும் அப்படித்தான். வீடு அமைதியாயிருச்சு. ஒரு நாள் அவரு சம்சாரம் போன் பண்ணாங்க. "அவரு சரியா இல்லம்மா, இனிமே கூப்பிடாதீங்க"ன்னு. அன்னைக்குச் சாயங்காலம்...

கிளாரிஸ்: வாசல்ல நின்னாரு.

ரோகினி: நின்னாரு. ஏன் மிஸ், குளிருதா?

கிளாரிஸ்: மழை... கார்ல ஏர்கான். நான் கடைசியா வந்து போனப்பறம் ஒரு தடவைகூட வரலையா?

ரோகினி: இல்ல.

கிளாரிஸ்: சத்தம்? நெழல்?

ரோகினி: ஒண்ணுமில்ல. நல்லாத் தூங்குறேன். நீங்கதான் எளைச்சுப் போயிட்டீங்க. கண்ணெல்லாம் உள்ள போயி...

கிளாரிஸ்: செண்டாயான்ல இருக்கிற என் வீட்டுல படுக்கவே முடியல. எங்க சென்டர் பெரியவர் சத்தியசீலன்கிட்ட சொன்னேன். எனக்கே இந்த வேலையக் கத்துக் குடுத்தவரு...

ரோகினி: என்ன சொன்னாரு?

கிளாரிஸ்: நான் கை காட்டின பக்கம் திரும்பிப் பார்த்தாரு.

ரோகினி: ஐயோ...

கிளாரிஸ்: "யாரும் இல்லையே கிளாரிஸ்"ன்னாரு. கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கச் சொன்னாரு.

ரோகினி: அப்ப, சென்டர்ல சண்டைன்னீங்களே...

கிளாரிஸ்: சண்டையெல்லாம் இல்ல ரோகினி. ஒண்ணு கேக்குறேன்... உங்கண்ணன் ஒரு கால்ல மட்டும்தான் செருப்பு போட்டிருப்பாரா?

ரோகினி: இன்னொண்ணு குளத்துல மெதந்துச்சு. அத வச்சுத்தான் அவரக் கண்டுபிடிச்சாங்க... இத நான் உங்ககிட்ட சொன்னதே இல்லையே மிஸ்.

கிளாரிஸ்: சொன்னதில்ல. என் ரூம் வாசல்ல நிக்கிறாரு. தரையெல்லாம் தண்ணி. எனக்குப் பைத்தியம்னு நெனைக்கிறீங்களா?

ரோகினி: இல்ல மிஸ்... தெரியும். அன்னைக்கு நீங்க கெளம்பறப்போ அண்ணன் உங்க காரு பின் சீட்டுல ஏறி உக்காந்தாரு. ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்களக் கூப்பிடல... எனக்குத் தூங்கணும்போல இருந்துச்சு. இப்படி என் பக்கத்துல உக்காருங்க. எல்லாத்தையும் சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன். போறப்போ நீங்க தனியாத்தான் போவீங்க.